சாஸ்திரி இட்ட இரண்டு கையெழுத்துகள்

(வைகை அணையில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அணையை 1959 ஜனவரி 21 அன்று திறந்துவைத்தவர் காமராசர். அப்போது பொதுப்பணித் துறை கக்கன் கையில் இருந்தது. அவர்கள் இருவரையும் பற்றி இந்த ஊரில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று நான் பேச வந்தது காமராசர் கைகாட்டிப் பிரதமரான ஒருவரைப் பற்றி.

1964 மே 27 அன்று நேரு மறைந்தார். அடுத்து யார் என்ற கேள்வி காங்கிரஸ் தலைவரான காமராசர் முன்னால் வந்து நின்றது. மொரார்ஜி தேசாய் போட்டிக்குத் தயாராக இருந்தார். காமராசர் எம்.பி.க்களையும் முதலமைச்சர்களையும் கூப்பிட்டுப் பேசினார், கேட்டார், மறுபடியும் கேட்டார். ஜூன் 2-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வானார். 9-ஆம் தேதி பதவியேற்றார். 1966 ஜனவரி 11 அதிகாலையில் தாஷ்கண்டில் உயிர் பிரிந்தது. மொத்தம் 19 மாத ஆட்சி. அதற்குள் ஒரு போர், ஒரு பஞ்சம், ஒரு மொழிப் போராட்டம், இரண்டு பெரிய ஒப்பந்தங்கள்.

அந்த இரண்டு ஒப்பந்தங்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஒன்றில் அவர் ஒரு மலைக் கணவாயைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொன்றில் 5 லட்சத்து 25 ஆயிரம் மனிதர்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார். கணவாய் போனதற்காக நாடு அறுபது ஆண்டுகளாக வருத்தப்படுகிறது. மனிதர்களுக்காக யாரும் அப்படி வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை. இந்தக் கணக்கு தப்பு என்பது என் கட்சி.

முதலில் மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை. 1956 நவம்பரில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி பதவியை விட்டு இறங்கினார். அதற்குச் சில மாதம் முன்னால் மகபூப்நகர் விபத்தின்போதே ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர். நேரு அதை ஏற்கவில்லை. இரண்டாவது முறை சாஸ்திரி விடவில்லை. தமிழ்நாட்டு ஆற்றில் போன உயிர்களுக்குத் தன் நாற்காலியை விலையாகக் கொடுத்த மனிதர் அவர். அவருடைய நேர்மையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அதனால்தான் இரண்டாவது ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது மனசு கனக்கிறது. கெட்டவர் செய்த தீங்கைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். நல்லவர் செய்ததை நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இனி போருக்கு வருவோம்.

1965 ஏப்ரலில் கட்ச் பாலைச் சதுப்பில் பாகிஸ்தான் படை நுழைந்தது. பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன் நடுவில் நின்று பேசியதில் ஜூன் 30 அன்று சண்டை நிறுத்தம் ஆனது. எல்லைத் தகராறை மூன்று பேர் கொண்ட தீர்ப்பாயத்திடம் விடுவதற்கு சாஸ்திரி சம்மதித்தார். சுவீடன்காரர் தலைவர், இந்தியா சொன்னவர் யூகோஸ்லாவியர், பாகிஸ்தான் சொன்னவர் ஈரானியர். 1968 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வழக்கில் இருந்த சுமார் 3,500 சதுர மைலில் பத்தில் ஒரு பங்கு பாகிஸ்தானுக்குப் போனது. சாஸ்திரி இறந்து இரண்டு ஆண்டு கடந்திருந்தது. நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தாலும் இந்தியா வாக்கை மீறவில்லை. அந்தப் பகுதியில் போட்ட கோடு இன்றைக்கும் நிற்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அதில் இப்போது பிரச்சினை இல்லை.

கட்சில் இந்தியா அடங்கிப் போனதைப் பார்த்து பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் தப்புக் கணக்குப் போட்டார். ஆகஸ்ட் 5 முதல் காஷ்மீருக்குள் ஆயுதம் தாங்கியவர்களை ஊடுருவ விட்டார். ஐந்தடியைச் சற்றே தாண்டிய, மெல்லிய குரல்காரரான சாஸ்திரி திருப்பி அடிக்க மாட்டார் என்று நினைத்தார். ஆகஸ்ட் 28 அன்று இந்தியப் படை ஹாஜி பீர் கணவாயைப் பிடித்தது. செப்டம்பர் 1-இல் பாகிஸ்தான் சாம்ப் பகுதியில் டாங்குகளோடு இறங்கியது. செப்டம்பர் 6-இல் சாஸ்திரி லாகூர் முனையைத் திறக்க உத்தரவிட்டார். சர்வதேச எல்லையைத் தாண்டும் அந்த முடிவை நேரு எடுத்திருப்பாரா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். சியால்கோட் முனையில் மெட்ராஸ் ரெஜிமென்டின் 4-ஆம் பட்டாலியன் மகாராஜ்கேயில் போரிட்டுப் பெயர் வாங்கியது. நம் பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் கரும்புக் காட்டில் கிடந்து சண்டை போட்டார்கள். ஐ.நா. பாதுகாப்பு மன்றம் செப்டம்பர் 20-இல் தீர்மானம் போட்டது; 23-இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

இதற்கு நடுவில் சீனா இறுதி எச்சரிக்கை விட்டது. அமெரிக்கா இரு நாட்டுக்கும் ராணுவ உதவியை நிறுத்தியது. கோதுமைக் கப்பல்களை மாதக் கணக்கில் மட்டும் அனுமதித்து, கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டார் அமெரிக்க அதிபர் ஜான்சன். சாஸ்திரி ஜூன் மாதம் அமெரிக்கா போவதாக இருந்ததை ஏப்ரலிலேயே தள்ளிவைத்து அவமதித்தவரும் அவர்தான். 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்ற முழக்கம் இந்த நெருக்கடியில் பிறந்தது. வாரம் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்பதற்கு முன்னால் தன் வீட்டில் அதைச் செய்து பார்த்தார் என்பார்கள். அவருடைய உணவு அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கியபோது முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் வைத்தார்கள். நவம்பரில் சுப்பிரமணியம் ரோமுக்குப் போய் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃப்ரீமனோடு உட்கார்ந்து, இந்தியா தன் வேளாண்மையை எப்படி மாற்றிக்கொள்ளும் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு 18,000 டன் மெக்சிகோ விதைக் கோதுமை வந்து இறங்கியது. பிறத்தியார் கப்பலை எதிர்பார்த்து நிற்கிற நாடு வெளியுறவில் நிமிர்ந்து பேச முடியாது என்பதை இரு போகம் விளைகிற இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியை இங்கே, அணைக்கட்டில் நின்று சொல்ல எனக்கு மகிழ்ச்சி. 1960-இல் நேருவும் அயூப்பும் போட்ட சிந்து நதி ஒப்பந்தப்படி இந்தியா பத்துத் தவணையில் பாகிஸ்தானின் கால்வாய் வேலைகளுக்குப் பணம் கட்ட வேண்டும். லாகூர் முனையில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த ஆண்டிலும் அந்தத் தவணையை இந்தியா நிறுத்தவில்லை. தண்ணீர் ஒப்பந்தம் என்றால் என்ன என்று இந்த ஊர் மக்களுக்குத் தெரியும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 1886-இல் 999 ஆண்டுக்குப் போட்ட குத்தகை இல்லாவிட்டால் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து லோயர் கேம்ப் வழியாக இறங்கி இந்த அணைக்கு வந்து சேர்ந்திராது. கையெழுத்துப் போட்டவர்கள் செத்து மண்ணாகிப் போன பிறகும் தாள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

தாஷ்கண்டுக்கு வருகிறேன். 1966 ஜனவரி 4 முதல் ஒரு வாரம், சோவியத் பிரதமர் கோசிகின் அழைப்பில், உஸ்பெக் தலைநகரில் சாஸ்திரியும் அயூப்பும் உட்கார்ந்தார்கள். பேச்சு இரண்டு மூன்று தடவை முறிகிற நிலைக்குப் போனது. கோசிகின் ஒரு மாளிகைக்கும் மற்றொரு மாளிகைக்கும் நடையாக நடந்தார். ஜனவரி 10 மாலை கையெழுத்தானது. இரு படைகளும் பிப்ரவரி 25-க்குள் ஆகஸ்ட் 5-க்கு முந்தைய இடங்களுக்குத் திரும்ப வேண்டும். தூதர்கள் திரும்ப வேண்டும். கைதிகளை விட வேண்டும். ஒருவரை ஒருவர் பழித்துப் பிரசாரம் செய்யக் கூடாது. தகராறுகளை அமைதி வழியில் தீர்க்க வேண்டும்.

இந்தியத் தரப்புக் கணக்குப்படி நம் கையில் இருந்தது சுமார் 1,900 சதுர கிலோமீட்டர். பாகிஸ்தான் கையில் 540. அதோடு ஹாஜி பீர். போடிமெட்டுப் பாதையை அடைத்துவிட்டால் பூப்பாறைக்குப் போக வேண்டியவர் குமுளி ஏறிச் சுற்ற வேண்டியிருக்கும் அல்லவா, அதுபோல ஹாஜி பீர் நம் கையில் இல்லாவிட்டால் பூஞ்சிலிருந்து உரிக்குப் போக மலையைச் சுற்றி நெடும்பயணம். ஊடுருவல்காரர்கள் இறங்குகிற வாசலும் அதுதான். அதைத் திருப்பிக் கொடுத்ததைக் கண்டித்து மகாவீர் தியாகி அமைச்சர் பதவியை விட்டார். இன்றைக்கும் காஷ்மீரில் குண்டு வெடிக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஹாஜி பீரைப் பற்றி எழுதுவார்.

கையெழுத்திட்ட அன்று இரவே, மணி ஒன்றரை வாக்கில், சாஸ்திரியின் இதயம் நின்றுபோனது. காலையில் அவர் உடல் இருந்த பெட்டியைத் தூக்கியவர்களில் கோசிகினும் இருந்தார், அயூப் கானும் இருந்தார். நான்கு மாதத்துக்கு முன்னால் யார் நாட்டு டாங்குகளோடு மோதினாரோ, அவர் தோளில் போனார். அந்தச் சாவைச் சுற்றிப் பேசப்படும் சந்தேகங்களுக்குள் நான் நுழையவில்லை. அந்தச் சந்தேகங்கள் அவருடைய கடைசி வேலையை மறைத்துவிட்டன என்பதுதான் என் வருத்தம்.

அவர் ஏன் கொடுத்தார்? இருபத்திரண்டு நாள் போரில் யாரும் யாரையும் முழுவதுமாக வெல்லவில்லை. சாம்ப் பகுதி அவர்கள் கையில் இருந்தது. ஐ.நா. தீர்மானம் தலைக்கு மேல் இருந்தது. பாதுகாப்பு மன்றத்தில் இந்தியாவுக்காகக் கை தூக்குகிற ஒரே வல்லரசு சோவியத் ஒன்றியம். அது கூப்பிட்டுப் பேசச் சொல்லும்போது வெறுங்கையோடு திரும்ப முடியாது. பிடித்ததை எல்லாம் வைத்துக்கொண்டால் அவர்களும் பிடித்ததை வைத்துக்கொள்வார்கள். போரில் நிமிர்ந்து நின்றவர் என்ற பெயர் கையில் இருந்ததால்தான் அவரால் சமாதானத்துக்குக் குனிய முடிந்தது. அது கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தாஷ்கண்ட் நீண்ட நாள் தாங்கவில்லை. அயூப்பின் வெளியுறவு அமைச்சராக இருந்த பூட்டோ அதை ஏணியாக்கி ஏறினார். 1971-இல் மறுபடி போர், 1972-இல் சிம்லா ஒப்பந்தம். தாஷ்கண்டில் மூன்றாவது நாடு நடுவில் உட்கார்ந்தது. சிம்லாவில் இரண்டு பேர் மட்டும் என்று இந்திரா காந்தி உறுதியாக இருந்தார். 2025 ஏப்ரலில் பஹல்காம் கொலைகளுக்குப் பிறகு இந்தியா சிந்து ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. மறுநாளே பாகிஸ்தான் சிம்லாவையும் நிறுத்திவைக்கத் தனக்கு உரிமை உண்டு என்றது. ஆக, வடக்கே போட்ட தாள்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டு வருகின்றன.

தெற்கே போட்ட தாள் அப்படி இல்லை. அது முழுதாக வேலை செய்தது. அதுதான் வேதனை.

போருக்குப் பத்து மாதம் முன்னால், 1964 அக்டோபர் 30 அன்று, டெல்லியில் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் இதைச் 'சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்' என்பார்கள். அதில் பேசப்பட்டவர்கள் யார்? கண்டிச் சீமையில் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு வெட்ட, திருச்சி, சேலம், ராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை, அப்போதைய மதுரை ஜில்லா ஆகிய இடங்களிலிருந்து ஆள் திரட்டும் கங்காணிமார் பின்னால் நடந்துபோனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள். சுதந்திரம் வந்த அதே 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்கும் போனது.

நேரு கடைசி வரை ஒரு நிலையில் இருந்தார். அவர்கள் இலங்கையில் பிறந்து வளர்ந்தவர்கள், அவர்களுக்கு அந்த நாடு குடியுரிமை தர வேண்டும், விரும்பி வருகிறவர்களை மட்டும் நாங்கள் ஏற்போம் என்றார். 1954-இல் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையோடு போட்ட உடன்பாடும் இந்த இழுபறியிலேயே நின்றது. சாஸ்திரி இதை மாற்றினார். மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு வைத்தார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம். 15 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். அங்கே நான்கு பேருக்குக் குடியுரிமை கொடுத்தால் இங்கே ஏழு பேர் கப்பல் ஏற வேண்டும். மிச்சம் வைத்த ஒன்றரை லட்சத்தை 1974 ஜனவரியில் இந்திராவும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அந்த ஏழு யார், அந்த நான்கு யார் என்று யாரும் அவர்களைக் கேட்டு முடிவு செய்யவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் பெருந்தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான், நம் திருப்பத்தூர் பக்கத்து மூனாப்புதூர்க்காரர், பேச்சில் இடம் பெறவில்லை. சென்னைத் தலைவர்கள் பலருக்கும் இது உவப்பாக இல்லை. பிறகு விண்ணப்பம் கேட்டபோது உண்மை வெளியே வந்தது. இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் 3 லட்சம் என்ற எண்ணிக்கையை வெகுவாகத் தாண்டிவிட்டார்கள். இந்தியா போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் 5 லட்சத்து 25 ஆயிரத்தை எட்டவே இல்லை. பெரும்பாலானவர்கள் அங்கேயே இருக்க விரும்பினார்கள். இரண்டு அரசுகளும் அதற்கு மாறாக ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தன.

சாஸ்திரி ஏன் இப்படிச் செய்தார்? தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1962-இல் சீனாவிடம் தோல்வி. சீனாவும் பாகிஸ்தானும் கைகோக்கின்றன. 1964 அக்டோபர் முதல் வாரத்தில் கெய்ரோவில் அணிசேரா நாடுகள் மாநாடு. சாஸ்திரியும் சிறிமாவோவும் அங்கே போகிறார்கள். அக்டோபர் 16 அன்று சீனா அணுகுண்டு வெடிக்கிறது. சரியாக இரண்டு வாரத்தில் ஒப்பந்தம். சுற்றிலும் பகை வளர்கிற நேரத்தில் தெற்கு வாசலையாவது நட்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கவலை அது. பதவிக்கு வந்து ஐந்து மாதமே ஆன பிரதமர், அண்டை நாடுகளோடு பழைய கணக்குகளைத் தீர்க்கப் பரபரத்தார். அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. அதற்கு விலை கொடுத்தவர்கள் கொழுந்து பறிக்கிறவர்கள்.

விலை கொடுத்து வாங்கிய நட்பாவது நிலைத்ததா? 1971-இல் இந்தியா தன் வான்வழியை அடைத்த பிறகு, கிழக்கு வங்கத்துக்குப் போன பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. ஏழு ஆண்டுகூட ஆகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1965 ஜனவரியில் இங்கே இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. சி. சுப்பிரமணியமும் அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று சாஸ்திரி வானொலியில் வந்து, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று உறுதி சொன்னார். அதே தமிழன்தான்; கடலுக்கு இந்தப் பக்கம் ஓட்டு இருந்தது, தெரு இருந்தது, அமைச்சர் இருந்தார். டெல்லி காது கொடுத்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரத்துக்குள், டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. தலைமன்னாரிலிருந்து வருகிற கப்பல் இனி இராமேசுவரத்தில் கரை சேர வேண்டியதாயிற்று. அவர்கள் வந்த விதத்தைக் கேளுங்கள். கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் பாஸ்போர்ட் வாங்க வேண்டும். அதோடு ஒரு குடும்ப அட்டை கொடுப்பார்கள். தலைவர் பெயர், மனைவி, பிள்ளைகள், வயது, இந்தியாவில் எந்த மாவட்டம், என்ன வேலை என்று எழுதியிருக்கும். பாட்டன் சொன்ன ஊரின் பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்கள் அந்தக் கட்டத்தை நிரப்பினார்கள். அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா என்று குடும்பம் பிரிந்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவைக் காலி செய்து, ஆட்டையும் மாட்டையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தகரப் பெட்டியோடு ஹட்டனிலும் நானுஓயாவிலும் ரயில் ஏறினார்கள். ரயில் நகரும்போது மேடையில் நிற்பவர்களும் பெட்டிக்குள் இருப்பவர்களும் சாவு வீட்டில் அழுவது போல அழுவார்கள். அந்த ரயிலுக்கு மலையகத்து மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

1970-களின் நடுவில் தோட்டங்களில் பட்டினி வந்தது. நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமை ஆக்கியபோது பல இடங்களில் தொழிலாளர்களை அடித்து விரட்டினார்கள். போக மனமில்லாதவர்களும் அப்போது பெயர் கொடுத்தார்கள். 1980-களின் நடுவில் கப்பல் நின்றுபோகும் வரை, பிறந்த குழந்தைகளையும் சேர்த்து நாலரை லட்சத்துக்குக் குறையாமல் வந்து சேர்ந்தார்கள்.

இந்தியா அவர்களுக்கு என்ன செய்தது? செய்ததை மறைக்கக் கூடாது. நீலகிரியில் அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கி, பின்னர் 1976-இல் டான்டீ என்ற கழகமாக்கியது. புனலூரிலும் தென் கன்னடத்திலும் ரப்பர் தோட்டங்கள் போட்டார்கள். நூற்பாலைகளில் இடம் கொடுத்தார்கள். தொழில் கடன் கொடுத்தார்கள். ஆனால் தேயிலையைத் தவிர வேறு வேலை அறியாதவர்களுக்குச் சமவெளியில் பெட்டிக்கடைக் கடன் எதற்கு உதவும்? கடன் பணம் சில மாதத்தில் கரைந்தது. குளிரைத் தேடி, மலையைத் தேடிப் போனார்கள். நீங்கள் இந்தக் கரையில் நின்று வடக்கே பார்த்தால் தெரிகிறதே, பழனி மலைத்தொடர், அதன் மேலே கொடைக்கானல் காடுகளில், வாட்டில் மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் ஒப்பந்தக்காரர்கள் அவர்களைக் கூட்டிப்போனார்கள். முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கொத்தடிமைகளாய்க் கிடந்தது 1980-களில் வெளியே வந்தது. இந்தியக் குடிமகன் என்ற பாஸ்போர்ட் பெட்டிக்குள் இருந்தது. இலங்கையில் 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவர்கள் இங்கே 'சிலோன்காரர்கள்' ஆனார்கள்.

நீலகிரியிலும் கதை முடிந்துவிடவில்லை. டான்டீ நஷ்டத்தில் ஓடுகிறது என்று தோட்டத்தின் ஒரு பகுதியைக் காட்டிலாகாவிடம் ஒப்படைக்க 2022-இல் அரசு முடிவு செய்தது. ஓய்வு பெற்றவர்கள் லயத்து வீட்டை விட வேண்டும் என்ற நிலை வந்தபோது, மறுபடி எங்கே போவது என்று கேட்டார்கள்.

இதற்குள் இன்னொரு முடிச்சு இருக்கிறது. இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 கலவரத்தில் உயிர் தப்பி இங்கே வந்தவர்களில் யாழ்ப்பாணத்தார் மட்டும் இல்லை. மலையகத் தமிழர்களும் உண்டு. 1964 ஒப்பந்தப்படியே இந்தியக் குடியுரிமைக்கு உரியவர்களாக இருந்து, முறையாகக் கப்பல் ஏறுவதற்குள் கலவரம் வந்து, அகதியாக ஓடி வந்தவர்கள் அவர்களில் பலர். டெல்லியின் கையெழுத்து அவர்களை இந்தியர் என்றது. டெல்லியின் சட்டம் அவர்களைச் சட்டவிரோதமாக வந்தவர்கள் என்றது. திருச்சி கொட்டப்பட்டு போன்ற முகாம்களில் இருந்த 65 பேர் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார்கள். 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்கள் இந்திய வம்சாவளியினர், அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் போல நடத்தாமல் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 2021-இல் தமிழ்நாட்டு அரசு முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லது. பிள்ளைகளின் கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இலங்கையில் என்ன ஆயிற்று? அங்கே மிஞ்சிய நாடற்றவர்களுக்கு 2003-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிக் குடியுரிமை கொடுத்தது. யாருக்கு? 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் வழி வந்தவர்களுக்கும். அதே தேதி. சாஸ்திரி பேனா எடுத்த நாள் இன்னொரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் வரம்பாக நிற்கிறது. கொஞ்சம் பொறுத்திருந்தால் எல்லோரும் அங்கேயே குடிமக்கள் ஆகியிருப்பார்களோ என்று கேட்கத் தோன்றுகிறது. அதற்கு இடையில் எத்தனை கலவரம், எத்தனை சாவு என்பதையும் மறக்கக் கூடாது. அப்போதே வந்தவர்கள் 1977 கலவரத்துக்கும் 1983 கலவரத்துக்கும் தப்பினார்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்தத் தேர்வைச் செய்யும் உரிமை அவர்களுடையதாக இருந்திருக்க வேண்டும். இந்த அணையில் தண்ணீர் 66 அடிக்கு ஏறினாலே முதல் அபாய அறிவிப்புக் கொடுக்கிறோம். கரையில் இருப்பவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் மதகைத் திறக்கிறோம். 5 லட்சத்து 25 ஆயிரம் பேருக்கு அந்த அறிவிப்பு ரேடியோச் செய்தியாக, எல்லாம் முடிந்த பிறகு வந்தது.

ஹாஜி பீரைக் கொடுத்தது தப்பு என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடத் தயார். அது மண். அதைக் கொடுத்துப் போரை நிறுத்த ஒரு பிரதமருக்கு அதிகாரம் உண்டு. மனிதர்களை எண்ணிக்கையாக்கி, ஏழுக்கு நான்கு என்று பங்கு வைக்க எந்தப் பிரதமருக்கும் அதிகாரம் கிடையாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். சாஸ்திரியை மதிக்கிறவர்கள்தான் இதைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த ஒப்பந்தத்தில் வந்தவர்களில் குழந்தையாகக் கப்பல் ஏறியவர்களுக்கே இன்று நாற்பது வயதுக்கு மேல். கண்டி அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டையும் பழைய பாஸ்போர்ட்டும் எத்தனையோ வீடுகளில் பீரோவின் அடியில் மடங்கிக் கிடக்கின்றன. கரையான் அரிக்கிறது. குடியுரிமை வழக்கு நடத்துகிறவர்களுக்கு அந்தத் தாள்கள் சாட்சி. வரலாறு எழுதுகிறவர்களுக்கும் அவைதான் ஆதாரம். உங்கள் தெருவில், உங்கள் உறவில், மேகமலையிலோ கொடைக்கானலிலோ வேலை செய்கிற தெரிந்தவர் வீட்டில் அப்படி ஒரு தாள் இருந்தால், அதைப் படம் எடுத்து வையுங்கள். அந்த வீட்டுப் பெரியவரிடம் எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எந்த ஆண்டு, கூட வராமல் அங்கேயே நின்றுவிட்டவர் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். செல்போன் போதும்.